ஒரே முதலமைச்சர், இரண்டு சீர்திருத்தங்கள்

2004 மே மாதம் எஸ்.எம். கிருஷ்ணா கர்நாடக முதலமைச்சர் பதவியிலிருந்து இறங்கினார். அவருடைய நாலரை ஆண்டு ஆட்சியில் வளர்ந்த நிர்வாகச் சீர்திருத்தங்களில் இரண்டு நாடு முழுக்கப் பேசப்பட்டவை. ஒன்று, நிலப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றிய ‘பூமி’ திட்டம். மற்றொன்று, பெங்களூர் நகரத்தின் சேவைத் துறைகளைச் சீர்செய்ய அமைக்கப்பட்ட ‘பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ்’ என்ற பணிக்குழு, சுருக்கமாக பி.ஏ.டி.எஃப். அடுத்து வந்த தரம் சிங் அரசும் காங்கிரஸ் தலைமையில் அமைந்த கூட்டணி அரசுதான். எதிர்க்கட்சி வந்து பழையதையெல்லாம் கலைத்துப் போட்டது என்று சொல்ல வழியில்லை. இருந்தும் பி.ஏ.டி.எஃப். சத்தமில்லாமல் முடிந்துபோனது. பூமி இன்றும் ஓடுகிறது. கர்நாடகத்தில் பயிர்க்கடன் கேட்டு வங்கிக்குப் போகும் விவசாயி கையில் வைத்திருக்கும் ‘பஹணி’ என்ற நில ஆவணம் அதிலிருந்து வருவதுதான்.

ஒரே தலைவர், ஒரே காலம், ஒரே அரசு இயந்திரம். முடிவு மட்டும் வேறு வேறு. ஒரு சீர்திருத்தத்தில் தலைமையின் பங்கு என்ன என்று ஆராய வருபவருக்கு இப்படியொரு ஒப்பீடு எளிதில் கிடைக்காது. மேலிடத்தின் ஆதரவு இருந்தால் திட்டம் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும் என்று மேலாண்மைப் பாடங்கள் சொல்கின்றன. இங்கே இரண்டுக்கும் ஆதரவு இருந்தது. அப்படியானால் ஆதரவு உண்டா இல்லையா என்ற கேள்வி போதாது. ஆதரவு தரும் தலைவர் தன் அதிகாரத்தை எங்கே கொண்டுபோய் வைத்துவிட்டுப் போகிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன், செயல்முறை மேம்பாட்டுக்கு இப்படியொரு பெரிய மனிதர் எதற்குத் தேவைப்படுகிறார் என்பதைப் பார்த்துவிடலாம். பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஒரு நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு கொடுத்தவருக்குப் பணம் போய்ச்சேர 45 நாள் ஆகிறது. பில் வந்ததும் கொள்முதல் பிரிவு அதை பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒத்துப்பார்க்கிறது. கிடங்கு, சரக்கு வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். கணக்குப் பிரிவு ஜி.எஸ்.டி. விவரங்களைச் சரிபார்க்கிறது. பிறகு இரண்டு மேலாளர்களின் ஒப்புதல். மேம்பாட்டுக் குழு உட்கார்ந்து கணக்குப் போட்டால், இந்த 45 நாளில் அந்த பில்லை யாராவது கையில் எடுத்து வேலை பார்க்கும் நேரம் மொத்தமே ஒரு மணி நேரம்கூட வராது. மீதியெல்லாம் யாரோ ஒருவரின் மேசையில், அல்லது இன்பாக்ஸில், காத்துக் கிடக்கும் நேரம். தீர்வும் கண்ணுக்குத் தெரிகிறது: சரக்கு வந்த அன்றே கிடங்கு அதைக் கணினியில் பதிந்தால் பாதித் தாமதம் போய்விடும்.

கிடங்கு மேலாளர் மறுப்பார். அவர் கெட்ட மனிதர் என்பதால் மறுக்கவில்லை. ஒரு நாளில் எத்தனை லாரி வெளியே போயிற்று என்பதை வைத்துத்தான் அவருடைய வேலை மதிப்பிடப்படுகிறது. பதிவு செய்ய ஓர் ஆளை ஒதுக்கினால் அவருடைய எண்ணிக்கை குறையும். நிதித் தலைவருக்கோ தாமதம் உள்ளூர இனிக்கிறது. பணம் இன்னும் சில நாள் தன் கணக்கில் கிடக்கும். குழுவை நடத்தும் முப்பது வயது இளைஞர் தர மேம்பாட்டில் ‘பிளாக் பெல்ட்’ சான்றிதழ் வைத்திருக்கலாம். இந்த இருவரையும் நகர்த்தும் அதிகாரம் அவரிடம் கிடையாது. வேலை துறைகளைக் குறுக்கே கடந்து ஓடுகிறது, அதிகாரம் ஒவ்வொரு துறைக்குள்ளும் மேலிருந்து கீழே இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரு துறைக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் ஒருவர் தேவை. திட்டத் தாளில் ‘ஸ்பான்சர்’ என்ற கட்டத்தில் எழுதப்படுவது அவர் பெயர்.

இந்தப் பொறுப்புக்கு முறையான வடிவம் கொடுத்தவற்றில் முதன்மையானது அமெரிக்காவின் மோட்டோரோலா. 1980களில் சிக்ஸ் சிக்மா என்ற தர மேம்பாட்டு முறை அங்கே உருவானபோது தலைவராக இருந்தவர் ராபர்ட் கால்வின். நிர்வாகக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் தரத்தை முதல் பொருளாக வைத்து, அது முடிந்ததும் நிதிநிலைப் பேச்சுக்குக் காத்திருக்காமல் எழுந்து போய்விடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். தரம் சரியாக இருந்தால் லாபம் தானே வரும் என்பதைக் கூடியிருந்தவர்களுக்குப் புரியவைக்க அவருக்கு உரை தேவைப்படவில்லை. 1990களின் நடுவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜாக் வெல்ச் வேறு வழியில் போனார்: மேலாளர்களின் போனஸில் 40 சதவீதத்தை சிக்ஸ் சிக்மா முடிவுகளோடு கட்டிப்போட்டார். கால்வின் தன் நேரத்தால் பேசினார், வெல்ச் மற்றவர்களின் பணத்தால் பேசினார். இருவருமே செலவாகும் ஒன்றைக் கொடுத்தார்கள்.

பெங்களூருக்கு இந்த அலை சீக்கிரமே வந்தது. மோட்டோரோலாவின் பெங்களூர் மென்பொருள் பிரிவு 1990களின் முற்பகுதியிலேயே சி.எம்.எம். என்ற தர அளவுகோலின் உச்சமான ஐந்தாம் நிலையை எட்டியது. அப்போது உலகில் அதை எட்டியிருந்த இடங்களை விரல்விட்டு எண்ணலாம். விப்ரோ 1997இல் சிக்ஸ் சிக்மாவைத் தொடங்கி, 2004இல் டொயோட்டாவின் உற்பத்தி முறையை மென்பொருள் எழுதும் வேலைக்குப் பொருத்திப் பார்க்கத் துணிந்தது. பிராட்லி ஸ்டாட்ஸ், டேவிட் அப்டன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் அதைக் கூர்ந்து பார்த்து எழுதினார்கள். அவர்கள் எழுத்தில் ஒரு விஷயம் எடுப்பாகத் தெரிகிறது: எல்லோரும் நாளை முதல் இப்படித்தான் வேலை செய்ய வேண்டும் என்ற சுற்றறிக்கையோடு அது தொடங்கவில்லை. சில திட்டங்களில் சோதித்து, பலன் தெரிந்த பிறகு நூற்றுக்கணக்கான திட்டங்களுக்குப் பரவியது. சோதனை தோற்றாலும் சோதித்தவர்களின் தலை உருளாது என்ற உறுதி மேலிருந்து வந்தால்தான் அப்படித் தொடங்க முடியும்.

இன்று இதே நகரத்தில் ஸ்பான்சர் பதவி பெரும்பாலும் சடங்காகிவிட்டது. மாதாந்திரக் கூட்டத்தில் ஸ்பான்சர் மைக்கை மியூட்டில் வைத்துக்கொண்டு சேர்வார். முதல் பத்து நிமிடத்தில் ‘நல்ல வேலை, தொடருங்கள்’ என்பார். ‘ஓர் அவசர அழைப்பு’ என்று மறைவார். கிடங்கு மேலாளர் அதைக் கவனித்துவிடுவார். அடுத்த கூட்டத்துக்கு அவரும் தன் உதவியாளரை அனுப்புவார். திட்டம் அன்றைக்கே செத்துவிட்டது. அறிக்கையில் மட்டும் இன்னும் ஆறு மாதம் பச்சை நிறத்தில் ஒளிரும்.

பூமிக்கு வருவோம். கர்நாடகத்தின் நிலப் பதிவேடு சுமார் இரண்டு கோடி ஆவணங்கள். 67 லட்சம் விவசாயிகளுக்குச் சொந்தமானவை. 177 தாலுகாக்களில் பரவியவை. இவற்றைச் சுமார் 9,000 கிராமக் கணக்கர்கள் கையால் எழுதிப் பராமரித்தார்கள். ஒருவர் பொறுப்பில் மூன்று நான்கு கிராமங்கள். நம்மூர் சிட்டாவும் அடங்கலும் சேர்ந்த தாள் போன்றதுதான் பஹணி: நிலம் யாருடையது, எவ்வளவு, என்ன பயிர், என்ன கடன் எல்லாம் அதில் உண்டு. அதன் நகல் வேண்டுமென்றால் கணக்கரைத் தேடிப் போக வேண்டும். அவர் எந்தக் கிராமத்தில் இருக்கிறார் என்பதே முதல் கேள்வி. கண்டுபிடித்த பிறகு கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். பெயர் மாற்றம் என்றால் தொகை இன்னும் ஏறும். தமிழ்நாட்டில் 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம் முறையை ஒழித்தபோது எழுந்த கூச்சலை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இந்தப் பதவியின் உள்ளூர்ச் செல்வாக்கைத் தனியாக விளக்க வேண்டாம்.

கணினிமயம் அப்போது புதிய யோசனையும் கிடையாது. மத்திய அரசின் நிதியில் நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் திட்டம் 1980களின் கடைசியிலேயே வந்துவிட்டது. சோதனைக்குத் தேர்ந்த மாவட்டங்களில் குல்பர்காவும் ஒன்று. பல ஆண்டுகள் தரவு ஏற்றினார்கள். பயன் இல்லை. கணினியில் ஒரு பிரதி, கணக்கரின் கட்டில் ஒரு பிரதி என இரண்டும் அருகருகே வாழ்ந்தன. சட்டப்படி செல்லுபடியாவது கையெழுத்துப் பிரதி. அதில் நாள்தோறும் மாற்றங்கள் ஏற, கணினிப் பிரதி சில மாதங்களில் பழங்கதையாகிவிடும். இயந்திரம் இருந்தது, பணம் இருந்தது, பழைய வழியை அடைக்க மட்டும் ஆள் இல்லை.

வருவாய்த் துறையின் கூடுதல் செயலராக இருந்த ராஜீவ் சாவ்லா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி அதைச் செய்தார். தேசிய தகவல் மையம் மென்பொருளை எழுதியது. தாலுகாதோறும் பதிவேடுகளைத் தனியார் நிறுவனங்களைக் கொண்டு கணினியில் ஏற்றி, கிராமக் கணக்கர்களையும் அவர்களுக்கு மேலே உள்ளவர்களையும் கொண்டே சரிபார்க்க வைத்தார்கள். ஒரு தாலுகாவின் வேலை முடிந்ததும், அங்கே கையால் எழுதிய பஹணி இனிச் செல்லாது என்று அரசு அறிவித்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பூமியைப் பற்றிய பேச்சில் கணினியும் கைரேகையும் முன்னால் வந்து நின்று, இந்த ஒற்றைத் தாள் பின்னால் போய்விடுகிறது. அந்த அறிவிப்பு வந்த நாளில் கணக்கரின் பேனா தன் சந்தை மதிப்பை இழந்தது.

தாலுகா அலுவலகக் கவுண்டரின் அமைப்பே கவனிக்கத் தக்கது. ஊழியருக்கு ஒரு திரை, எதிரே நிற்கும் விவசாயிக்கு ஒரு திரை. தன் சர்வே எண் தட்டப்படுவதையும் பெயர் தோன்றுவதையும் அவர் நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். கட்டணம் அப்போது 15 ரூபாய். தாள் சில நிமிடங்களில் கைக்கு வந்துவிடும். உள்ளே பதிவை மாற்றும் அதிகாரி கைரேகை வைத்துத்தான் நுழைய முடியும். யார் மாற்றினார் என்பது பதிவாகிவிடும். பெயர் மாற்ற மனுக்கள் வந்த வரிசையில்தான் எடுக்கப்படும். நடுவில் ஒருவரைத் தள்ளிவிட்டு இன்னொருவரை முன்னே கொண்டுவர மென்பொருள் விடாது. வரிசையை மாற்றும் அதிகாரம்தான் அதுவரை விற்பனையான சரக்கு. பொதுமக்கள் கட்டிய கட்டணத்திலேயே கவுண்டரின் நடைமுறைச் செலவு நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் யாரேனும் கைவைத்தால் நின்றுபோகும் என்ற நிலை இல்லை.

உலக வங்கிக்காக சுபாஷ் பட்நாகரும் சாவ்லாவும் சேர்ந்து எழுதிய ஆய்வு, திட்டப் பொறுப்பாளர் ஓராண்டுக்கு மேல் தன் நேரத்தில் 80 சதவீதத்தை இதற்கே கொடுத்தார் என்கிறது. எழுதியவர்களில் ஒருவரே அந்தப் பொறுப்பாளர் என்பதால் எண்ணைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம். ஆனால் 177 தாலுகாக்களையும் 2002ஆம் ஆண்டுக்குள் முடித்தது ஓய்வு நேரத்தில் பார்த்த வேலையாக இருந்திருக்க முடியாது. பெங்களூரில் உள்ள பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் 2002இல் சுயேச்சையாக ஆய்வு செய்தது. பழைய முறையில் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்கள் 66 சதவீதம். பூமி கவுண்டரில் 3 சதவீதம்.

முதலமைச்சர் கிருஷ்ணா இதில் என்ன செய்தார்? கவுண்டரை வடிவமைக்கவில்லை, மென்பொருள் பார்க்கவில்லை. 9,000 கணக்கர்களுக்கும் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் உள்ளூர் அரசியலுக்கும் எதிராகக் கையெழுத்துப் பிரதியைச் செல்லாததாக்கும் முடிவை அவர் தலைமையிலான அரசு எடுத்தது. எடுத்த பின் பின்வாங்கவில்லை. சாவ்லாவை நடுவழியில் வேறு துறைக்குத் தூக்கிப் போடவும் இல்லை. கணக்கர்களின் வேலை போகவில்லை; பயிர் விவரம் திரட்டும் பொறுப்பு அவர்களிடமே இருந்தது. அதனால் எதிர்ப்பு வேலைநிறுத்தமாக முற்றவில்லை. ஆக இங்கே ஸ்பான்சர்கள் இரண்டு பேர். மேலே இருந்தவர் காவல் நின்றார், கீழே இருந்தவர் உழைத்தார். மேலே இருப்பவர் நேரம் குறைவாகக் கொடுத்தும் திட்டம் பிழைத்தது, கீழே ஒருவர் முழு நேரத்தையும் கொடுத்ததால்.

பி.ஏ.டி.எஃப். இதற்கு நேர்மாறான அமைப்பு. 1999 நவம்பரில் கிருஷ்ணா அதை அறிவித்தார். பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தலைவர் இன்ஃபோசிஸின் நந்தன் நீலகேணி. உறுப்பினர்களில் பப்ளிக் அஃபேர்ஸ் சென்டரை நிறுவிய சாமுவேல் பால், ரமேஷ் ராமநாதன், வி. ரவிச்சந்தர், கல்பனா கர் போன்றவர்கள். நீலகேணி தன் சொந்தப் பணத்தையும் இதற்குச் செலவிட்டார். மாநகராட்சி, வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ., குடிநீர் வாரியம், மின்சாரம், பேருந்துக் கழகம், தொலைபேசி, காவல் என ஏழு துறைகளோடு இணைந்து வேலை செய்வது திட்டம். அன்றைய நிலை எப்படி இருந்தது என்பதற்கு ஓர் எண் போதும்: சாமுவேல் பால் 1994இல் வெளியிட்ட மக்கள் மதிப்பெண் அட்டையில் பி.டி.ஏ.வின் சேவையில் திருப்தி என்று சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர்.

இந்தக் குழுவுக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. ஒரு எழுத்தரைக்கூட இடம் மாற்ற முடியாது. அதன் ஒரே ஆயுதம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடந்த பொதுக்கூட்டம். முதல் கூட்டம் 2000 ஜனவரியில். அரங்கில் குடிமக்கள், பத்திரிகையாளர்கள், முன்வரிசையில் முதலமைச்சர். ஒவ்வொரு துறையின் தலைவரும் மேடையேறி, போன முறை என்ன சொன்னோம், எவ்வளவு முடித்தோம், அடுத்த ஆறு மாதத்தில் என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். இந்திய அரசு அதிகாரிக்கு மக்கள் முன் கணக்குச் சொல்லிப் பழக்கமில்லை. முதலமைச்சர் முன் சொல்லிப் பழக்கம் உண்டு. இரண்டையும் ஒரே அறையில் வைத்தது அந்த ஏற்பாட்டின் நுட்பம். அந்த ஆண்டுகளில் கிருஷ்ணாவின் மேசையில் வேறு என்னென்ன இருந்தன என்பது தமிழ் வாசகர்களுக்கு நன்றாகவே தெரியும். 2000இல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தி 108 நாள் காட்டில் வைத்திருந்தான். 2002இல் காவிரி கொதித்தது. அதற்கிடையிலும் குப்பை, சாலை, வரி பற்றிய கூட்டங்களுக்கு நேரம் ஒதுக்கிய முதலமைச்சரை அந்தவரையில் பாராட்டத்தான் வேண்டும்.

பலனும் கிடைத்தது. வீட்டுக்கு வீடு குப்பை சேகரிப்பு தொடங்கியது. ரமேஷ் ராமநாதனின் முன்முயற்சியில் மாநகராட்சிக் கணக்குகள் நவீனக் கணக்கியல் முறைக்கு மாறத் தொடங்கின. 2000இல் சொத்து வரிக்குச் சுயமதிப்பீடு வந்தது. 2003இல் வெளியான மூன்றாவது மதிப்பெண் அட்டையில் பெரும்பாலான துறைகளின் மதிப்பு நன்றாகவே உயர்ந்திருந்தது. எல்லாப் புகழும் பி.ஏ.டி.எஃப்.புக்குச் சேராது, பி.டி.ஏ.வில் ஜெயகர் ஜெரோம் போன்ற ஆணையர்கள் இருந்தார்கள், பத்திரிகைகள் விடாமல் எழுதின, மதிப்பெண் அட்டையே ஒரு நெருக்கடியாக இருந்தது.

2004இல் முன்வரிசை நாற்காலி காலியானது. அவ்வளவுதான். குழுவை யாரும் திட்டமிட்டு ஒழிக்க வேண்டியிருக்கவில்லை. முதலமைச்சர் உட்காராத அரங்கில் துறைத் தலைவர் ஏன் மேடையேற வேண்டும்? குழுவுக்குச் சட்டம் இல்லை, பட்ஜெட் தலைப்பு இல்லை, சொந்த ஊழியர் இல்லை. மென்பொருள் நிறுவனங்களின் நகரத்தை மட்டும் சீராட்டினார், கிராமங்களை மறந்தார் என்ற குற்றச்சாட்டு தேர்தலில் கிருஷ்ணாவைச் சுற்றிச் சுழன்றதால், அந்தக் குழுவைத் தூக்கிப் பிடிக்க அடுத்து வந்தவருக்கு அரசியல் காரணமும் இல்லை.

இதில் விமர்சகர்கள் எழுப்பிய ஒரு கேள்வி இன்னும் ஆழமானது. மாநகராட்சிக்கு மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இருக்கையில், நியமிக்கப்பட்ட தொழிலதிபர்கள் நகரத்தின் முன்னுரிமைகளைத் தீர்மானிப்பது எப்படி? வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் போன்றோர் இதை எழுதியிருக்கிறார்கள். ஜனநாயகக் கோணத்தில் மட்டும் பார்த்தால் போதாது. செயல்முறை மேம்பாட்டின் சொந்தக் கணக்கிலும் இது பெரிய ஓட்டை. வார்டு உறுப்பினருக்குக் குழு தேவைப்பட்டிருந்தால், முதலமைச்சர் போன பிறகும் அதைக் கேட்டு நிற்க நூறு குரல் இருந்திருக்கும். மேலிருந்து ஒற்றைக் கயிற்றில் தொங்கியதால் அந்தக் கயிறு அறுந்ததும் விழுந்தது.

விழாமல் நின்ற பகுதி எது என்று பார்த்தால் விடை இன்னும் தெளிவாகிறது. சொத்து வரிச் சுயமதிப்பீடு இன்றும் பெங்களூருவில் இருக்கிறது. 2008-09இல் கணக்கிடும் அடிப்படை மாறியது; வீட்டுக்காரர் தானே கணக்குப் போட்டுக் கட்டுவது என்ற முறை மாறவில்லை. வரி ஆய்வாளர் வீட்டு வாசலில் வந்து நின்று மதிப்புச் சொல்லும் பழைய வழி அடைபட்டுப் போனது. மாநகராட்சியின் வருமானம் இந்தப் புதிய வழியில் வரத் தொடங்கியது. லட்சக்கணக்கான வீட்டுக்காரர்களுக்கு அது பழகிவிட்டது. பூமியில் நடந்ததும் இதேதான். குப்பை சேகரிப்பில் இப்படி எதுவும் நடக்கவில்லை. லாரிகளும் ஒப்பந்தங்களும் கிடங்குகளும் பழைய கைகளிலேயே இருந்தன. நகரமும் பல மடங்கு பெருத்தது. 2012இல் மாவள்ளிபுரா குப்பைக் கிடங்கு மூடப்பட்டபோது தெருவெங்கும் குப்பை மலையாகக் குவிந்ததைப் பெங்களூருவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

பிற்பாடு வந்த முதலமைச்சர்கள் பூமியின் பாடத்தை விட்டுவிட்டுப் பி.ஏ.டி.எஃப்.பின் வடிவத்தையே எடுத்துக்கொண்டது விசித்திரம். 2008இல் எடியூரப்பா ‘அபைட்’ என்ற பணிக்குழுவை அமைத்தார். 2016இல் சித்தராமையா அரசு இன்னொன்றை அமைத்தது. அது நீதிமன்ற வழக்கில் போய் நின்றது. பிரமுகர்கள் அடங்கிய குழுவை ஒரே ஆணையில் அறிவித்துவிடலாம், அடுத்த நாள் படத்தோடு செய்தியும் வரும். பழைய வழியை அடைப்பதற்குத் துறைக்குள் சண்டை போட வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கர்நாடகச் சேவை உத்தரவாதச் சட்டம் 2011இல் இயற்றப்பட்டு, ‘சகாலா’ என்ற பெயரில் 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 11 துறைகளின் 151 சேவைகளோடு தொடங்கியது. ஒவ்வொரு சேவைக்கும் காலக்கெடு. தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு. அது தாமதப்படுத்திய அதிகாரியிடமிருந்து வர வேண்டும். தொகை சிறியது. ஆனால் முதலமைச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து செய்த வேலையின் ஒரு பகுதியை அது சட்டத்தின் கையில் கொடுத்தது. அதன் பிறகு கர்நாடகத்தில் முதலமைச்சர்கள் பலர் மாறிவிட்டார்கள். சகாலா எண் இன்னும் ரசீதில் அச்சாகிறது.

பூமியைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. 2007இல் சாலமன் பெஞ்சமினும் உடன் ஆய்வாளர்களும் பெங்களூருவைச் சுற்றியுள்ள கிராமங்களில் பூமியின் விளைவைப் பார்த்துக் கடுமையாக எழுதினார்கள். கிராமத்தில் கணக்கரோடு பேசித் தீர்த்துக்கொண்ட சிறு விவசாயிக்குத் தாலுகா அலுவலகம் தூரமாகிவிட்டது. நிலம் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை மேலிருந்தே பார்க்க முடிந்ததால் பெரிய நிலவணிகர்களுக்கு வேலை எளிதானது. லஞ்சம் ஒழியாமல் மேல்தளத்துக்கு இடம் மாறி, தொகையும் பெருத்தது என்பது அவர்கள் வாதம். பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர் கவுண்டரில் நகல் வாங்க வந்தவர்களைக் கேட்டது. பெஞ்சமின் குழுவினர் நிலம் கைமாறும் இடத்தில் போய்ப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். எந்த நடையைச் சுருக்குவது, யாருடைய காத்திருப்பைக் குறைப்பது என்று தேர்ந்தெடுப்பவர் ஸ்பான்சர்தான். அந்தத் தேர்வை அவர் பெரும்பாலும் தனக்குக் கண்ணில் படும் இடத்திலிருந்தே செய்கிறார். கவுண்டர் கண்ணில் படும். வெள்ளைக் காரில் வந்து பேரம் முடித்துப் போகிறவர் படமாட்டார்.

பெங்களூருவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், ஓசூரில் இன்னொரு வகை உதாரணம் இருக்கிறது. டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த வேணு சீனிவாசன் 1979இல் சுந்தரம் கிளேட்டனின் பொறுப்பை ஏற்றார். சென்னை பாடியில் இருந்த அந்த நிறுவனம் 1998இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவுக்கு அது முதல் முறை. ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் 2002இல் பெற்றது. பொறுப்பேற்றதற்கும் முதல் பரிசுக்கும் இடையே 19 ஆண்டுகள். அவ்வளவு காலமும் அதே மனிதர் அதே நாற்காலியில் இருந்து, ஜப்பானியப் பேராசிரியர்கள் வந்து குறை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். குடும்ப நிறுவனத்துக்கு அந்த வசதி உண்டு. அரசிலும், தலைமை அலுவலகம் வெளிநாட்டில் இருக்கும் பெங்களூருவின் நிறுவனங்களிலும் அது கிடையாது. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் அடிக்கடி இடமாற்றம் எவ்வளவு பெரிய நோயாகிவிட்டதென்றால், டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும் என்று சொல்ல நேர்ந்தது.

ஆகவே டி.வி.எஸ். பாணி நீண்ட காலத் தலைமையை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு பெங்களூருவின் அலுவலகங்களில் திட்டம் போடுவது வீண். இங்கே ஸ்பான்சர் 18 மாதத்தில் போய்விடுவார் என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். திட்டத் தாளில் அவர் பெயருக்குப் பக்கத்தில், அவர் போவதற்குள் எந்தப் பழைய வழியை அவர் கையாலேயே அடைத்துவிட்டுப் போவார் என்றும் எழுத வேண்டும். அந்த வரியை நிரப்பத் தயங்கும் ஸ்பான்சரை நம்பி ஆறு பேரின் ஓராண்டு உழைப்பைக் கொட்டுவதில் அர்த்தமில்லை.

நகரத்தின் கதை இப்போது புதிய கட்டத்தில் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் கிரேட்டர் பெங்களூரு நிர்வாகச் சட்டம் 2025 மே 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, மேலே ஓர் ஆணையம் வந்திருக்கிறது. அதன் தலைவர் முதலமைச்சர். கிருஷ்ணா விருப்பத்தின் பேரில் வந்து உட்கார்ந்த நாற்காலி இப்போது சட்டத்திலேயே போடப்பட்டிருக்கிறது. ஆள் மாறினாலும் நாற்காலி போகாது என்ற அளவில் இது முன்னேற்றம். ஆனால் பழைய மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்காமலே மாநகராட்சி ஐந்தானது. பி.ஏ.டி.எஃப்.பை வீழ்த்திய ஓட்டை அடைபடாமல் இன்னும் பெரிதாகியிருக்கிறது. ஐந்து மாநகராட்சிகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இருக்க வேண்டும். ஆணையம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொது அரங்கில், அந்த வார்டு உறுப்பினர்களையும் உட்கார வைத்து, துறைத் தலைவர்களிடம் கணக்குக் கேட்க வேண்டும். அதை விதியாகவே எழுதிவிட வேண்டும். பெங்களூருவில் வரி கட்டும் தமிழர்கள் உட்பட எல்லோரும் இந்த இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.